எல்லைக்கோடு – 7: பெருமுக்கல்லில் பட்ட குண்டு

சென்ற வாரம் வந்தவாசியில் நிறுத்தியிருந்தோம். 1760 ஜனவரி 22. குளக்கரை அரணில் நின்ற வெடிமருந்து வண்டி ஒன்று குண்டு பட்டு வெடிக்க, பிரெஞ்சுப் படையின் ஒரு பக்கம் கலைந்தது. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடிபட்டார். உதவிக்கு வந்த மராட்டியக் குதிரைப்படை ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தது. தளபதி லல்லி மிச்சமிருந்தவர்களைத் திரட்டிக்கொண்டு செஞ்சிப் பக்கம் பின்வாங்கினார்.

பள்ளிப் பாடப் புத்தகங்கள் இந்த இடத்தில் கதையை முடித்துவிடும். வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர் தோற்றார்கள், இந்தியா ஆங்கிலேயர் கைக்குப் போனது. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அது போதும்.

நமக்குப் போதாது. வந்தவாசியிலிருந்து புதுச்சேரிக்கு இன்று பஸ் ஏறினால் இரண்டு, மூன்று மணி நேரம். மாட்டு வண்டியும் பீரங்கியும் இழுத்துக்கொண்டு நடந்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகாது. ஆனால் ஆங்கிலப் படை புதுச்சேரிக் கோட்டைக்குள் கால் வைத்தது 1761 ஜனவரி 16 அன்று. ஆறு நாள் குறைய ஓர் ஆண்டு.

ஒரு வாரப் பயணத்துக்கு ஓர் ஆண்டு ஏன் ஆனது?

● ● ●

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் ஓமந்தூர் நிறுத்தத்தில் இறங்கி, மனத்துக்குள் ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் பெருமுக்கல் மலை. அதையும் தாண்டிக் கடலோரம் போனால் மரக்காணத்து உப்பளங்களுக்கு வடக்கே ஆலம்பரைக் கோட்டை. மேற்கே, திண்டிவனத்திலிருந்து 28 கிலோமீட்டரில், மூன்று மலைகளை வளைத்துக் கட்டிய செஞ்சி. தென்மேற்கே வழுதாவூர். தெற்கே புதுச்சேரி.

ஓமந்தூர் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் ராமசாமி ரெட்டியார். 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் பிரதமரானவர். அவர் பதவியேற்ற நாளிலும் அவருடைய சொந்த ஊருக்குத் தெற்கே, ஒரு நாள் நடைதூரத்துக்குள், பிரான்சின் மண் இருந்தது. அந்தக் கதைக்கு நாம் போய்ச் சேர இன்னும் பல வாரங்கள் ஆகும். ஆனால் அந்த விசித்திரம் எங்கே தொடங்கியது என்று கேட்டால், நான் 1760-ஆம் ஆண்டின் கோடையைத்தான் காட்டுவேன்.

அன்றைய புதுச்சேரியில் பீரங்கி இருந்தது, சுவர் இருந்தது, ஐரோப்பியப் படை இருந்தது. அரிசி இல்லை. நெல் முழுவதும் வெளியிலிருந்து வர வேண்டும். உள்நாட்டுச் சாலைகளில் பொதிமாடுகளில் வந்தது. கடல் வழியாகச் சலங்குப் படகுகளில் வந்தது. ஒவ்வொரு வழியின் தலைமாட்டிலும் ஒரு சிறு கோட்டை உட்கார்ந்திருந்தது. கோட்டை யாருடையதோ, பொதிமாடு அவர் சொன்ன பக்கம்தான் போகும்.

வந்தவாசியில் வென்ற அயர் கூட் இதைப் புரிந்துகொண்டவர். அயர்லாந்தில் லிமெரிக் அருகே பிறந்தவர். அப்போது முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயது. எதிரில் நின்ற லல்லியும் ஒருவகையில் அயர்லாந்துக்காரர்தான். பிரான்சுக்குக் குடிபெயர்ந்த அயர்லாந்துப் பிரபு ஒருவரின் மகன். ஆங்கில மன்னர்மீது பரம்பரைப் பகை. அயர்லாந்தின் தாயாதிச் சண்டை தென்னார்க்காட்டு மானாவாரிக் காட்டில் நடந்தது என்று சொன்னால் மிகையில்லை.

கூட் புதுச்சேரியை நோக்கி நேராகப் போகவில்லை. அதைச் சுற்றியிருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஜனவரி முடிவதற்குள் சேத்துப்பட்டு. பிப்ரவரியில் ஆற்காடு. பிறகு தெற்கே திரும்பித் திண்டிவனம் வந்தார்.

அடுத்து நின்றது பெருமுக்கல்.

● ● ●

இந்த மலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது செஞ்சி அல்ல. ராஜகிரியின் செங்குத்தும் பிரம்மாண்டமும் இங்கே கிடையாது. சமவெளியில் திடீரென்று எழும் பாறைக் குன்று, அவ்வளவுதான். கல் குவாரிகள் நிறைந்த இந்த வட்டாரத்தில் அவசரமாகக் காரில் போகிறவர் இதையும் இன்னொரு கரடு என்று நினைத்துக் கடந்துவிடுவார்.

ஆனால் மனிதர்கள் இந்தக் குன்றை விட்டதே இல்லை. பாறையில் வரலாற்றுக்கு முற்பட்ட காலத்துக் கீறல் உருவங்கள் இருக்கின்றன. சீதை இங்கே தங்கினாள் என்று ஊரார் சொல்வார்கள். மேலே சிவன் கோயில். அதில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள். கோயில் கட்டியவர்களுக்குப் பின்னால் கோட்டை கட்டியவர்கள் வந்தார்கள். 1760-இல் அங்கே இருந்தது பிரெஞ்சுக் காவற்படை.

மார்ச் மாதத் தொடக்கம். வெயில் ஏறத் தொடங்கும் காலம்.

மலைக்கோட்டையைத் தாக்குபவருக்கு இரண்டு சங்கடங்கள். கீழிருந்து சுடும் பீரங்கிக்கு உச்சி எட்டாது. பீரங்கியை மேலே ஏற்றலாம் என்றால், பாறைச் சரிவில் மாடு இழுக்காது, மனிதர்தான் கயிறு கட்டி இழுக்க வேண்டும். மேலே இருப்பவருக்கோ ஒரே ஒரு சங்கடம்: தண்ணீர். பாறைச் சுனையில் தேங்கியதுதான் இருப்பு. அடிவாரம் எதிரி கைக்குப் போய்விட்டால் அரிசி மூட்டையும் வெடிமருந்தும் மேலே ஏறாது.

ஆக, இது பொறுமைப் போட்டி. பொறுத்திருந்தால் குன்று தானாக விழும். கூட்டுக்குப் பொறுமை இல்லை. கோடை முற்றுவதற்குள், பிரான்சிலிருந்து கப்பல் எதுவும் வந்துவிடுவதற்குள், கடற்கரைவரை வழியைத் திறக்க வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. தாக்கினார்.

மேலிருந்து வந்த குண்டு ஒன்று அவருடைய முழங்காலில் பட்டது.

தளபதி விழுந்தார், ஆனால் தாக்குதல் நிற்கவில்லை. சில நாள்களிலேயே பெருமுக்கல் சரணடைந்தது.

வந்தவாசிப் போரைப் பற்றி எழுதியவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். லண்டனிலும் பாரிசிலும் அந்தப் பெயர் பேசப்பட்டது. பெருமுக்கல்லுக்குக் கிடைத்தவை சில வரிகள், அதுவும் கூட்டின் முழங்காலுக்காக. என்னைக் கேட்டால் இந்தக் கணக்கு சரியில்லை. வந்தவாசியில் லல்லி ஒரு போரை இழந்தார். படை திரட்டினால் இன்னொரு போர் செய்யலாம். பெருமுக்கல்லில் அவர் இழந்தது ஒரு வழியை. இழந்த வழியைத் திரும்பப் பிடிக்கும் ஆள்பலம் அவரிடம் இல்லை. திண்டிவனத்திலிருந்து தெற்கே வரும் சாலையில் இனி ஆங்கிலேயரின் பொதிமாடு தடையில்லாமல் வரும். பிரெஞ்சுக்காரரின் பொதிமாடு வராது.

● ● ●

அதே மார்ச்சில் ஆலம்பரை விழுந்தது.

கடப்பாக்கம் அருகே கழிமுகத்தை ஒட்டிச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய கோட்டை அது. துறைமுகம் உண்டு. நாணயச் சாலை இருந்தது; ஆலம்பரை வராகன் இந்தக் கடற்கரை முழுவதும் செல்லுபடியான காசு. 1750-இல் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் செல்வாக்கு உச்சத்தில் இருந்தபோது பிரெஞ்சுக்காரருக்கு அளிக்கப்பட்டது. பத்தே ஆண்டுதான் அவர்கள் வசம் இருந்தது. ஆங்கிலேயர் அதைப் பிடித்து இடித்தார்கள். 2004 சுனாமி மிச்சத்தில் ஒரு பகுதியைத் தின்றது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் இளைஞர்கள் இன்று அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பிறகு வேகம் பிடித்தது. ஏப்ரல் 5 அன்று காரைக்கால். அதே ஏப்ரலில் வழுதாவூர், சிதம்பரம், கடலூர். வரைபடத்தில் புதுச்சேரியைச் சுற்றி வட்டம் இறுகியது.

செஞ்சியை மட்டும் கூட் தொடவில்லை. அந்த மூன்று மலைகளுக்கு முன்னால் மாதக்கணக்கில் படையைக் கட்டிப்போட அவர் தயாராக இல்லை. ஒதுக்கிவிட்டுப் போனார். புதுச்சேரி விழுந்தால் செஞ்சி தானே விழும் என்பது அவர் கணக்கு. 1677-இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை. முகலாயர்களை ஏழெட்டு ஆண்டுகள் காத்திருக்க வைத்த கோட்டை. 1750 செப்டம்பரில் புஸ்ஸி ஒரே இரவில் பிடித்து உலகை வியக்க வைத்த கோட்டை. பத்து ஆண்டுக்குப் பிறகு அதை யாரும் முற்றுகையிடக்கூட முன்வரவில்லை என்பது அதற்கு நேர்ந்த பெரிய அவமானம்.

● ● ●

லல்லி இதற்குள் ஏன் எதுவும் செய்யவில்லை?

செய்ய ஆளில்லை, பணமில்லை. அதைவிட முக்கியம், சுற்றுவட்டாரத்தில் அவருக்கு உதவ யாருக்கும் மனமில்லை. இரண்டு ஆண்டு முன்னால், 1758-இல், அவர் வந்திறங்கிய புதிதில் கடலூருக்கு அருகே செயின்ட் டேவிட் கோட்டையைத் தாக்கப் போனார். சுமை தூக்க ஆள் போதவில்லை. புதுச்சேரி மக்களைச் சாதி, தொழில் பார்க்காமல் பிடித்து வண்டியில் பூட்டினார். சமத்துவ எண்ணத்தால் அல்ல. இந்த ஊரைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள விரும்பாத அலட்சியத்தால். அதே ஆண்டு தஞ்சாவூர் மேல் படையெடுத்துப் போகிற வழியில், புதையல் இருக்கிறது என்று கீழ்வேளூர்க் கோயிலைத் துழாவினார். ஒற்றர்கள் என்று சொல்லி அந்தணர்கள் சிலரைப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார்.

இந்தச் செய்திகள் பொதிமாட்டுக்காரர்களோடு ஊர் ஊராகப் போயிருக்கும். அப்படிப்பட்டவருக்கு எந்த ஊர்க்காரர் நெல் குதிரைத் திறப்பார்?

ஆனாலும் ஒரு வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அது மைசூரிலிருந்து வந்தது.

அப்போது எழுந்துகொண்டிருந்த ஹைதர் அலியோடு லல்லி ஒப்பந்தம் செய்தார். நிலமும் கோட்டையும் தருவதாகச் சொன்னார். பதிலுக்குக் குதிரைப்படையும், எல்லாவற்றுக்கும் மேலாக, அரிசி சுமந்த மாடுகளும் வர வேண்டும். மக்தூம் அலி தலைமையில் மைசூர்ப் படை இறங்கி வந்தது. 1760 ஜூலையில் பண்ணுருட்டி அருகே திருவதிகைப் பக்கம் ஆங்கிலப் படைப்பிரிவு ஒன்றைச் சிதறடித்தது. மாடுகள் புதுச்சேரிக்குள் நுழைந்தன. ஊருக்குள் ஒரு மாதத்துக்கு உயிர் வந்தது.

இந்தக் கட்டத்தில் வட்டம் உடைந்திருக்கலாம். மைசூர்க் குதிரைகள் அந்தக் கோடை முழுவதும் திண்டிவனம் சாலையில் திரிந்திருந்தால், கூட்டின் பொதிமாடுகள்தான் பட்டினி கிடந்திருக்கும்.

உடையவில்லை. காரணம் ஓமந்தூரிலும் இல்லை, புதுச்சேரியிலும் இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதரை வீழ்த்த அவருடைய சொந்த ஆளான கண்டே ராவ் அரண்மனையோடு சேர்ந்து சூழ்ச்சி செய்தார். 1760 ஆகஸ்டில் ஹைதர் தலைநகரைவிட்டுத் தப்பியோட வேண்டியதாயிற்று. தலைவனின் தலையே ஆட்டம் காணும்போது தென்னார்க்காட்டில் படைக்கு என்ன வேலை? மைசூர்ப் படை வந்த வழியே மலையேறிவிட்டது.

லல்லிக்கு இனி கடல் மட்டும்தான் பாக்கி.

● ● ●

புதுச்சேரியைச் சுற்றி அப்போது ஒரு வேலி இருந்தது. கற்றாழை, கள்ளி, முள்மரங்கள் அடர்ந்து, நகரத்தைத் தொலைவில் அரைவட்டமாக வளைத்த உயிர்வேலி. சாலைகள் அதைக் கடக்கும் இடங்களில் காவல் அரண்கள். வேலிக்கு உள்ளே வயலும் மேய்ச்சலும். அது இருக்கும்வரை ஊருக்குள் கொஞ்சம் பாலும் கீரையுமாவது கிடைக்கும்.

செப்டம்பரில் ஆங்கிலேயர் வேலியைப் பிளந்தார்கள். அந்தத் தாக்குதலை நடத்தியவர் கூட் அல்ல. லண்டனிலிருந்து வந்த பதவி உத்தரவு மான்சன் என்ற அதிகாரியை அவருக்கு மேலே உயர்த்தியிருந்தது. கூட் மனம் கசந்து சென்னைக்குப் போய்விட்டார். ஆனால் வேலிச் சண்டையில் மான்சனின் கால் குண்டு பட்டு முறிந்தது. மறுபடி கூட்டை அழைத்தார்கள். பெருமுக்கல் முழங்காலோடு அவர் திரும்பி வந்தார்.

நவம்பர் கடைசியில் லல்லி ஒரு முடிவெடுத்தார். வாய்களைக் குறைப்பது. சுமார் 1,400 உள்ளூர் மக்களை, ஆண், பெண், குழந்தை பார்க்காமல், கோட்டைக்கு வெளியே துரத்தினார். ஆங்கில வரிசை அவர்களைக் கடந்து போக விடவில்லை. திரும்பிப் போனால் பிரெஞ்சுத் துப்பாக்கி. முன்னே வந்தால் ஆங்கிலச் சிப்பாய். மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கும் மேல் அவர்கள் இரண்டு படைகளுக்கும் நடுவே கிடந்தார்கள். வயலில் வேரும் கிழங்கும் தோண்டித் தின்றார்கள். கடைசியில் கூட் வழிவிட்டார்.

வழிவிட்டதும் அவர்கள் எங்கே போயிருப்பார்கள்? வடக்கே போனவர்கள் கிளியனூர், ஓமந்தூர், திண்டிவனம் சாலையைத்தான் மிதித்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை. இந்தப் போரில் குண்டு பட்ட முழங்காலுக்கு வரலாறு உண்டு. இவர்களுக்குத் தலை எண்ணிக்கை மட்டும்தான்.

உள்ளே இருந்தவர்கள் யானை, ஒட்டகம் வரை அறுத்துத் தின்றார்கள். ஒரு நாய் 24 ரூபாய்க்கு விலை போனது. கால் நூற்றாண்டாக ஊரின் ஒவ்வொரு அசைவையும் நாட்குறிப்பில் எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை இந்த முற்றுகையின் கடைசி நாள்களில், ஜனவரியில், இறந்தார். ஊர் விழுந்ததை அவர் பார்க்கவில்லை.

விழுவதற்கு முன் விதி இன்னொரு முறை கதவைத் திறந்தது. 1760 டிசம்பர் 31 இரவு பெரும் புயல். வெளியே நங்கூரமிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்கள் சில மூழ்கின, சில கரையில் மோதின. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். விடிந்தபோது கடல் திறந்து கிடந்தது. பழவேற்காட்டில் இருந்த பிரெஞ்சு முகவருக்கு லல்லி அவசரக் கடிதம் எழுதினார்: எப்பாடுபட்டாவது அரிசிப் படகுகளை அனுப்பு.

சில நாள்களில் படகுகள் வந்தால் ஊர் பிழைக்கும். படகுகள் வரவில்லை. மிஞ்சிய ஆங்கிலக் கப்பல்கள்தான் திரும்பி வந்தன.

ஜனவரி 16 காலையில் வில்லியனூர் வாசல் வழியாக ஆங்கிலப் படை உள்ளே நுழைந்தது.

● ● ●

உடனே ஒரு கூத்து நடந்தது. பிடித்த ஊர் யாருக்கு? மன்னருக்கே என்றார் கூட். கம்பெனிக்கு என்றார் சென்னை ஆளுநர் பிகட். கொடுக்காவிட்டால் படைக்குச் சம்பளப் பணம் வராது என்றும் சொன்னார். பிகட் ஜெயித்தார். கம்பெனி ஊரை இடித்தது. செயின்ட் டேவிட் கோட்டையை லல்லி இடித்ததற்குப் பதிலடி என்றார்கள். கோட்டைச் சுவர், ஆளுநர் மாளிகை எல்லாம் கல் கல்லாகப் பெயர்ந்தன.

கூட்டின் கணக்கும் பலித்தது. ஏப்ரல் 5 அன்று செஞ்சி, கேப்டன் ஸ்டீபன் ஸ்மித்திடம் சரணடைந்தது. அந்தப் போரில் தமிழ் மண்ணில் பிரெஞ்சுக் கொடி பறந்த கடைசிக் கோட்டை அது.

லல்லியின் முடிவு கொடூரம். பாரிசில் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, 1766 மே 9 அன்று தலை துண்டிக்கப்பட்டார். அவருக்காக வால்டேர் பேனா எடுத்தார். 1778-இல்தான் அந்தத் தீர்ப்பு ரத்தானது. கூட்டுக்குப் பட்டமும் புகழும் கிடைத்தன. இருபது ஆண்டு கழித்து, 1781-இன் தொடக்கத்தில், ஹைதரின் முற்றுகையிலிருந்து வந்தவாசியையும் பெருமுக்கல்லையும் மீட்க அவரே மறுபடி இந்தச் சாலையில் வர வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு மே மாதமே பெருமுக்கல் மறுபடி பிரெஞ்சுக்காரர், மைசூர்க்காரர் கைக்குப் போனது. அது வேறு போர். அதை அதற்குரிய வாரத்தில் பார்ப்போம்.

இப்போது 1763-க்கு வருவோம். புதுச்சேரி தரைமட்டம். செஞ்சி, வழுதாவூர், பெருமுக்கல் எல்லாவற்றிலும் ஆங்கிலேயரும் அவர்களுடைய ஆற்காட்டு நவாபும் வைத்ததே சட்டம். ஓமந்தூருக்குத் தெற்கே பிரான்ஸ் என்ற ஒன்றே இல்லை. எல்லைக்கும் வேலை இல்லை.

அப்போதுதான் பாரிசில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. சோழமண்டலக் கடற்கரையில் பிரான்சுக்கு இருந்தவற்றை இங்கிலாந்து திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எந்த நிலைமையில் இருந்தவற்றை? 1749-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருந்தவற்றை.

அந்தத் தேதியைக் குறித்தவர் சாமர்த்தியசாலி. 1749 ஆகஸ்டில்தான் ஆம்பூர்ப் போர். அதில் பிரெஞ்சு உதவியோடு வென்ற பிறகுதான் சந்தா சாகிபு வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளைப் பிரெஞ்சுக்காரருக்குத் தந்தார். ஆலம்பரை 1750. "ஆண்டின் தொடக்கம்" என்றால் இவை எதுவும் கணக்கில் வராது.

தாளில் இது தெளிவு. ஆனால் 1765-இல் பிரெஞ்சு அதிகாரிகள் இடிபாடுகளுக்கு நடுவே கப்பலிலிருந்து இறங்கியபோது, கையில் உடன்படிக்கை இருந்ததே தவிர, பதினாறு ஆண்டுக்கு முந்தைய எல்லையை மண்ணில் காட்டும் கல் ஒன்றும் இல்லை. முள்வேலியும் பிளந்து கிடந்தது. எந்த ஏரி யாருடையது, எந்த ஊர் யாருக்குக் கிஸ்தி கட்டும் என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் ஊர்க் கணக்கர்களும் நாட்டாண்மைகளும்தான். ஒரே ஊருக்கு இரண்டு தரப்பும் வரி கேட்டால் அவர்கள் என்ன சொன்னார்கள்? யாரிடம் கட்டினார்கள்?

(தொடரும்)